புற்றுநோயிலிருந்து மீண்ட பிள்ளையின் உடல் நிறை: சாப்பாட்டை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

எங்கள் ஊர்களில் ஒரு பிள்ளை கொஞ்சம் சதை வைத்தால் "இப்பதான் பிள்ளை தேறியிருக்கு" என்று சொல்வார்கள். பசியைக் கண்ட சனம் நாங்கள். 2009இல் கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒரு தாய்க்குப் பிள்ளையின் கன்னம் உப்பியிருப்பது நிம்மதி தருவதில் வியப்பில்லை. ஆனால் சிறுவயதில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற பிள்ளைகளின் விடயத்தில் இந்த நிம்மதி சிலவேளை ஒரு எச்சரிக்கையை மறைத்துவிடுகிறது. சில வருடங்கள் கழித்து அதே பிள்ளை இன்னும் பருத்துவிட்டால், "திண்டு திண்டு பெருத்துப்போச்சு" என்ற பழி வருகிறது.

கடந்த சில மாதங்களாக, போர்க்காலத்தில் சிறுவர்களாக இருந்து இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சிலருடன் கதைத்து வருகிறேன். இன்று அவர்கள் இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். நோய் மாறியதைப் பற்றி நன்றியோடு சொல்கிறார்கள். உடல் நிறை பற்றிக் கேட்டால் கூச்சத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். நான் வைத்தியர் அல்ல. ஊடகக் கற்கை படித்தவள். ஆனாலும் இது பற்றி உலகில் நடந்த ஆய்வுகளை வாசித்தபோது, அந்தக் கூச்சத்துக்குக் காரணமே இல்லை என்று புரிந்தது. அதை எங்கள் மொழியில் எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

மருந்து செய்வது என்ன?

சிறுவர்களிடம் அதிகம் காணப்படும் புற்றுநோய், கடும் லிம்போபிளாஸ்டிக் லுகேமியா எனப்படும் இரத்தப் புற்றுநோய். இதற்கான சிகிச்சை இரண்டு முதல் மூன்று ஆண்டுகள் நீடிக்கும். பிரெட்னிசலோன், டெக்ஸாமெதசோன் போன்ற ஸ்டீரொயிட் மருந்துகள் அதில் முக்கியமானவை. அவை புற்றுநோய்க் கலங்களைக் கொல்கின்றன. கூடவே பசியையும் தூண்டுகின்றன. பிள்ளை நள்ளிரவில் எழும்பிச் சோறு கேட்பது இதனால்தான். கொழுப்பு முகத்திலும் வயிற்றிலும் சேர்கிறது. அதே நேரத்தில் கை, கால் தசைகள் கரைகின்றன. மருந்தை நிறுத்தியதும் முகத்தின் ஊதல் வற்றிவிடும். கூடிய நிறை எல்லோருக்கும் குறைவதில்லை.

வின்கிரிஸ்டின் என்ற இன்னொரு மருந்து நரம்புகளைப் பாதிக்கும். பாதத்தைத் தூக்கி வைக்க முடியாமல் பிள்ளை இடறி விழலாம். ஸ்டீரொயிட் மருந்துகளால் சிலருக்கு இடுப்பு மூட்டின் எலும்பே பழுதடைகிறது. இப்படிப்பட்ட பிள்ளையால் ஓடி விளையாட முடியாது. பெற்றோரும் பயத்தில் மைதானத்துக்கு விடுவதில்லை. பசி கூடி, தசை குறைந்து, அசைவும் நின்றால் நிறை ஏறத்தான் செய்யும்.

தலைக்குக் கதிர் கொடுத்தவர்கள்

சனங்கள் "கரண்ட் பிடிக்கிறது" என்று சொல்லும் கதிர்ச் சிகிச்சைக்கு இதில் தனி இடம் உண்டு. மூளையின் அடிப்பகுதியில் ஹைப்போதலமஸ் என்ற சிறிய பகுதி இருக்கிறது. "வயிறு நிறைந்துவிட்டது" என்ற செய்தியை, கொழுப்புக் கலங்களிலிருந்து வரும் லெப்டின் என்ற ஓமோன் இங்குதான் கொண்டுவந்து சேர்க்கிறது. தலைக்குக் கொடுத்த கதிர் இந்தப் பகுதியைப் பாதித்தால், செய்தி வந்தும் அது கேட்பதில்லை. அருகிலுள்ள கபச் சுரப்பி பாதிக்கப்பட்டால் வளர்ச்சி ஓமோன் குறையும். உயரம் கூடாமல் கொழுப்பு மட்டும் கூடும். மூளையின் இப்பகுதியில் கட்டி வந்து சத்திரசிகிச்சை செய்த பிள்ளைகளுக்கும் இதே நிலை வரலாம்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் சிறுவர் புற்றுநோயிலிருந்து மீண்டோரைத் தொடர்ந்து கவனிக்கும் பெரிய ஆய்வு ஒன்று 1994இல் தொடங்கியது. 1970க்கும் 1986க்கும் இடையில் நோய் கண்டறியப்பட்டவர்களை அது முதலில் சேர்த்துக்கொண்டது. அதிலிருந்து 2003இல் வெளியான கட்டுரை, இரத்தப் புற்றுநோயிலிருந்து மீண்டு வளர்ந்த 1,765 பேரை, மீண்டோரின் சகோதர சகோதரிகள் 2,565 பேருடன் ஒப்பிட்டது. தலைக்கு 20 கிரே அல்லது அதற்கு மேல் கதிர் பெற்ற பெண்களிடம் உடற்பருமனுக்கான வாய்ப்பு சுமார் 2.6 மடங்காகவும், ஆண்களிடம் 1.9 மடங்காகவும் இருந்தது. நான்கு வயதுக்குள் நோய் கண்டறியப்பட்டு அவ்வளவு கதிர் பெற்ற பெண்களிடம் அது 3.8 மடங்கு. மருந்து மட்டும் பெற்றவர்களிடம் அந்த ஆய்வில் தெளிவான வேறுபாடு தெரியவில்லை; ஆனால் பின்னர் வந்த ஆய்வுகள் அவர்களிடமும் நிறை கூடுவதைக் காட்டியுள்ளன.

சகோதரர்களோடு ஒப்பிட்டதைக் கவனியுங்கள். ஒரே குசினியில் சமைத்ததைச் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். அப்படியிருந்தும் இவ்வளவு வேறுபாடு என்றால், அதைச் சாப்பாட்டின் தலையில் மட்டும் போட முடியாது.

இன்று இரத்தப் புற்றுநோய்க்குத் தலைக்குக் கதிர் கொடுப்பது வெகுவாகக் குறைந்துவிட்டது. அதை முற்றாகத் தவிர்த்தும் குணப்படுத்தலாம் என்பதை அமெரிக்காவின் செயின்ட் ஜூட் வைத்தியசாலை 2009இல் வெளியிட்ட முடிவுகள் காட்டின. அதற்கு முந்திய காலத்தில் சிகிச்சை பெற்றவர்கள் கதிர் பெற்றிருக்கக்கூடிய வாய்ப்பு அதிகம். எங்களுக்கு அது போர்க்காலம்.

மெலிந்தவர்களும் கவனிக்க வேண்டும்

எல்லோரும் பருப்பதில்லை. வயிற்றுப் பகுதிக்கோ, எலும்பு மச்சை மாற்றுவதற்கு முன் முழு உடலுக்குமோ கதிர் பெற்ற சிலர் வளர்ந்த பிறகும் மெலிந்தே இருக்கிறார்கள். அவர்களுக்கு நீரிழிவு வராது என்று நினைக்கக்கூடாது. வயிற்றுக்குக் கொடுத்த கதிர் கணையத்தைப் பாதித்தால் மெலிந்தவருக்கும் நீரிழிவு வரும்.

தராசு காட்டும் எண்ணும் முழு உண்மை அல்ல. தசை குறைந்து கொழுப்புக் கூடிய உடலில் நிறை சாதாரணமாகவே தெரியலாம். ஆசியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 23ஐத் தாண்டினாலே ஆபத்துக் கூடத் தொடங்குகிறது, 27.5ஐத் தாண்டினால் அதிகம் என்று 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு கூறியது. இடுப்புச் சுற்றளவையும் அளக்க வேண்டும். வளர்ந்த பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர் என்பது எச்சரிக்கை எல்லை.

இது அழகு பற்றிய கவலை அல்ல. டொக்சோரூபிசின் போன்ற மருந்துகள் இதயத் தசையைப் பலவீனப்படுத்தக்கூடியவை. அந்த மருந்தைப் பெற்ற ஒருவருக்கு உயர் குருதி அழுத்தமும் நீரிழிவும் சேர்ந்தால் இதயத்தின் சுமை பல மடங்காகிறது. மற்றவர்களுக்கு ஐம்பது வயதில் செய்யும் பரிசோதனைகள் இவர்களுக்கு இருபத்தைந்திலேயே தேவைப்படலாம்.

தொலைந்த கொப்பியை மீட்பது

சிறுவர் புற்றுநோயிலிருந்து மீண்ட ஒவ்வொருவரிடமும் என்ன மருந்து, எவ்வளவு, எங்கு கதிர் என்று எழுதிய சிகிச்சைச் சுருக்கம் இருக்க வேண்டும் என்று அமெரிக்காவின் சிறுவர் புற்றுநோயியல் குழுமத்தின் வழிகாட்டி சொல்கிறது. அந்த வழிகாட்டி இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. எங்களில் பலரிடம் அந்தச் சுருக்கம் இல்லை. 2006 ஓகஸ்டில் ஏ9 பாதை மூடப்பட்ட பிறகு மகரகமவுக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருந்தது. பிறகு இடம்பெயர்வுகளில் கிளினிக் கொப்பிகள் பங்கர்களிலும் பாதையோரங்களிலும் விடுபட்டன.

அவற்றை ஓரளவுக்கு மீளக் கட்டலாம். சிகிச்சை பெற்ற வைத்தியசாலையின் பதிவேட்டுப் பிரிவில், பெயர், பிறந்த திகதி, அனுமதித்த ஆண்டு ஆகியவற்றைக் கொடுத்து எழுத்தில் கேளுங்கள். அங்கு கிடைக்காவிட்டால், கூட நின்றவர்களின் ஞாபகம்தான் பதிவேடு. அவர்களிடம் இவற்றைக் கேளுங்கள்:

- எந்த வயதில் நோய் வந்தது? எத்தனை மாதம் சிகிச்சை நடந்தது?
- சிவப்பு நிற மருந்து ஏற்றினார்களா, அதன் பிறகு சிறுநீர் சிவந்ததா? டொக்சோரூபிசினும் அதன் இனத்து மருந்துகளும் அப்படித்தான் இருக்கும்.
- கரண்ட் பிடித்தார்களா? தலைக்கா, வயிற்றுக்கா? எத்தனை நாள்?
- முகம் ஊதி, அடங்காத பசி வந்த காலம் எது?

பதில்களை ஒரு தாளில் எழுதி, திகதியிட்டு, கைத்தொலைபேசியில் படமும் எடுத்து வையுங்கள். எந்த வைத்தியரிடம் போனாலும் அதை முதலில் காட்டுங்கள். குருதி அழுத்தம், குருதியில் சீனி, கொலஸ்ரோல், தைரொயிட் ஆகியவற்றைச் சோதிக்கவும் இதயத்தை ஸ்கான் செய்யவும் வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள். இன்று தெல்லிப்பழையிலும் புற்றுநோய் வைத்தியசாலை இருக்கிறது. எல்லாவற்றுக்கும் தெற்கே போக வேண்டியதில்லை.

வீட்டில் செய்யக்கூடியவை

சிகிச்சை நடக்கும்போது வைத்தியரைக் கேட்காமல் பிள்ளையின் சாப்பாட்டைக் குறைக்க வேண்டாம். அந்தப் பசிக்கு பிஸ்கட்டையும் சோடாவையும் கொடுக்காமல் குரக்கன் புட்டு, முட்டை, மீன், கீரை, பயறு கொடுக்கலாம். தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்கலாம். உயரம் கூடாமல் நிறை மட்டும் ஏறினால் ஓமோன் குறைபாடாக இருக்கலாம், உடனே காட்டுங்கள். வைத்தியர் அனுமதித்ததும் பிள்ளையைச் சைக்கிள் ஓட விடுங்கள். மெலிய வைக்கும் பவுடர்களை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். வகுப்பில் பருத்த பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைப்பதை நிறுத்துங்கள். அந்த உடல் உயிர்பிழைக்கக் கொடுத்த விலை அதுவாக இருக்கலாம்.

சிகிச்சை பெற்ற காலத்தில் கட்டிலருகில் இருந்த அம்மா எங்களில் பலருக்கு இன்று இல்லை. மாமியோ பெரியம்மாவோ கூட நின்றிருப்பார்கள். அவர்களுக்கு ஞாபகம் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.