லிங்க்சிஸ் என்எஸ்எல்யூ2: அசல் ஃபர்ம்வேரை மீட்டல்

லிங்க்சிஸ் 2004ஆம் ஆண்டு விற்பனைக்குக் கொண்டுவந்த என்எஸ்எல்யூ2, இரண்டு யூஎஸ்பி வன்வட்டுகளை வீட்டு நெட்வொர்க்கில் பகிர உதவும் சிறிய பெட்டி. உள்ளே வட்டு கிடையாது. இன்டெல் ஐஎக்ஸ்பி420 செயலி, 32 எம்பி ராம், 8 எம்பி ஃபிளாஷ் நினைவகம், ஓர் ஈதர்நெட் துளை, அவ்வளவுதான். பயனர்கள் அதன் பெயரைச் சுருக்கி ‘ஸ்லக்’ என்று அழைத்தார்கள். ஓடில்லாத நத்தைக்கு ஆங்கிலத்தில் உள்ள அந்தப் பெயர் அதன் வேகத்துக்கும் பொருந்தியது. லினக்ஸில் ஓடியதால் ஜிபிஎல் உரிமத்தின்படி அதன் மூலநிரல் வெளியானது. அதைப் பிடித்துக்கொண்டு அன்ஸ்லங், ஓப்பன்ஸ்லக் என்ற மாற்று ஃபர்ம்வேர்கள் பிறந்தன. 2007இல் வந்த டெபியன் 4.0 பதிப்பும் இந்தப் பெட்டியை ஆதரித்தது. இப்படி மாற்றிய பெட்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதைப் பொதுவாக, அழித்ததைத் திரும்ப எழுதும் வேலை என்றே எண்ணுகிறார்கள். ஸ்லக்கின் உள்ளமைப்பைப் பார்த்தால் வேறொன்று புலப்படும். மாற்று ஃபர்ம்வேர் எதைத் தொடாமல் விட்டது என்பதே மீட்பு நடக்குமா நடக்காதா என்பதைத் தீர்மானிக்கிறது.

அந்த 8 எம்பி ஃபிளாஷ் பல அறைகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. முதல் 256 கேபியில் ரெட்பூட் என்ற பூட்லோடர். அடுத்த 128 கேபி, ஐபி முகவரி, கடவுச்சொல் போன்ற அமைப்புகளைச் சேமிக்கும் சிஸ்கான்ஃப் பிரிவு. அதன் பிறகுதான் லினக்ஸ் கெர்னலும் ராம்டிஸ்க்கும் மற்ற கோப்புகளும் வருகின்றன. மாற்று ஃபர்ம்வேர்கள் வழக்கமாக இந்தப் பின்பகுதியைத்தான் மாற்றி எழுதும். முன்னால் உள்ள 384 கேபி, மொத்தத்தில் இருபதில் ஒரு பங்குக்கும் குறைவு. பெட்டியின் உயிர் அதில்தான் இருக்கிறது. மின்சாரம் வந்ததும் முதலில் விழிப்பது ரெட்பூட். கெர்னல் பாழாகியிருந்தாலும், ராம்டிஸ்க் பாதி எழுதப்பட்ட நிலையில் நின்றுபோயிருந்தாலும் அது விழித்துக்கொள்ளும். புதிய ஃபர்ம்வேரை ஈதர்நெட் வழியே வாங்கிக்கொள்ளவும் அதற்குத் தெரியும். லிங்க்சிஸ் ஃபர்ம்வேர் செயலியைப் பிக்-எண்டியன் முறையில் ஓட்டியது, டெபியனோ லிட்டில்-எண்டியன் முறையில். பைட்டுகளின் வரிசையே தலைகீழாகும் அளவுக்கு வேறுபட்ட இரண்டு அமைப்புகளுக்கு இடையே போய்த் திரும்ப முடிந்ததும், அடியில் ரெட்பூட் மாறாமல் இருந்ததால்தான்.

மீட்கும் முறை எளியது. பெட்டியை அணைத்து, பின்புறமுள்ள ரீசெட் பொத்தானை மெல்லிய கம்பியால் அழுத்திப் பிடித்தபடியே மின்சாரம் கொடுக்க வேண்டும். நிலைகாட்டும் விளக்கு முதலில் செம்மஞ்சளாக எரியும். சுமார் பத்து நொடியில் சிவப்பாக மாறும். மாறிய கணமே பொத்தானை விட்டுவிட வேண்டும். விளக்கு இரு நிறங்களில் மாறி மாறிச் சிமிட்டத் தொடங்கினால், ரெட்பூட் புதுப்பிப்பு நிலைக்கு வந்துவிட்டது என்று பொருள். இனி அதே நெட்வொர்க்கில் உள்ள கணினியிலிருந்து அப்ஸ்லக்2 என்ற நிரலைக் கொண்டு லிங்க்சிஸின் ஃபர்ம்வேர் கோப்பை அனுப்பலாம். இந்தப் பரிமாற்றத்துக்கு ஐபி முகவரி தேவைப்படாது; வெறும் ஈதர்நெட் சட்டகங்களாகவே போகும். ஆகவே பெட்டிக்கு என்ன முகவரி வைத்தோம் என்பது மறந்துபோயிருந்தாலும் கவலையில்லை. ஆனால் இடையில் ரவுட்டரைத் தாண்டிப் போக முடியாது. கணினியும் பெட்டியும் ஒரே சுவிட்சில் இருக்க வேண்டும். எழுதும்போது மின்சாரம் போனால்? மறுபடி முதலிலிருந்து செய்யலாம். தன்னைத் தானே எழுதிக்கொள்ளாத பூட்லோடர் தரும் நிம்மதி அது.

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். லிங்க்சிஸ் கொடுக்கும் கோப்பு முழு 8 எம்பி அளவுள்ளது. ரெட்பூட்டின் நகலும் அதற்குள் இருக்கிறது. அப்படியிருக்க எல்லாவற்றையும் ஒரேயடியாக எழுதிவிட்டால் தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திரும்பிவிடலாமே? அப்ஸ்லக்2 நிரலிலும் முழு ஃபிளாஷையும் எழுதும் தேர்வு உண்டு. ஆனால் அந்த வழியில் இரண்டு இழப்புகள் காத்திருக்கின்றன. பூட்லோடரை எழுதும் நேரத்தில் தடங்கல் வந்தால் பெட்டியைத் தட்டி எழுப்ப எதுவும் மிஞ்சாது. அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்து, மின்சுற்றுப் பலகையில் ஜேடேக் கம்பிகளைப் பற்றவைத்து எழுதினால்தான் உண்டு. இரண்டாவது இழப்பு சத்தமில்லாதது. ஒவ்வொரு பெட்டிக்கும் உரிய மேக் முகவரி, ரெட்பூட் இருக்கும் அதே 256 கேபியின் வால்பகுதியில் பதிந்திருக்கிறது. உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரு கோப்பில் உங்கள் பெட்டியின் முகவரி இருக்க வழியில்லை. ஒரே வீட்டில் இரண்டு ஸ்லக்குகளை இப்படி முழுதாக எழுதினால் இரண்டும் ஒரே முகவரியோடு எழுந்து நெட்வொர்க்கைக் குழப்பும். தொழிற்சாலை நிலை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி எல்லாப் பெட்டிகளுக்கும் பொது; மறுபகுதி அந்தந்தப் பெட்டிக்கே உரியது. பின்னதை நிறுவனத்தின் இணையதளத்திலிருந்து இறக்கிக்கொள்ள முடியாது. மாற்றத் தொடங்கும் முன் ஃபிளாஷ் முழுவதையும் நகலெடுத்து வைக்கச் சொல்வது இதனால்தான். 8 எம்பிதானே, எந்தப் பழைய பென்டிரைவின் மூலையிலும் அடங்கிவிடும்.

தொடாமல் விடுவதே நல்லதென்றால் சிஸ்கான்ஃப் பிரிவு தொல்லை தருகிறதே என்றும் கேட்கலாம். கேள்வி நியாயமானது. அசலை எழுதி முடித்தவர்கள் 192.168.1.77 என்ற இயல்பு முகவரியைப் பிரவுசரில் தட்டிப் பார்த்து, பதில் வராததால் மீட்பு தோற்றுவிட்டது என்று நினைப்பதுண்டு. பெரும்பாலும் பெட்டி தன் பழைய முகவரியிலேயே ஓடிக்கொண்டிருக்கும். பழைய கடவுச்சொல்லும் அப்படியே இருக்கும். இதை மீட்பின் குறை என்று சொல்ல முடியாது. ரீசெட் பொத்தானால் நீக்கிவிடக்கூடிய எச்சம் அது. மீட்டெடுக்க முடியாத மேக் முகவரியையும், ஒரு பொத்தானில் மறையும் அமைப்புகளையும் ஒரே தட்டில் வைத்து எடைபோடக் கூடாது.

இந்த வாதம் ஸ்லக்குக்கு மட்டுமே பொருந்தும், இன்றைய சேமிப்புப் பெட்டிகள் வேறு விதமானவை என்பாரும் உண்டு. அமைப்பு வேறுதான், ஐயமில்லை. சினாலஜி பெட்டிகளில் டிஎஸ்எம் இயங்குதளம் செருகிய வட்டுகளின் முதல் பிரிவில், ஒன்றின் நகல் மற்றொன்றில் இருக்கும்படி நிறுவப்படுகிறது. அதைத் தொடக்கிவிடும் சிறு பகுதி மட்டும் பெட்டிக்குள் உள்ள ஃபிளாஷில் இருக்கிறது. வட்டுகள் அனைத்தையும் மாற்றினாலும் பெட்டி எழுந்து, இயங்குதளத்தை நிறுவு என்று கேட்கும். அறைகளின் இடம் மாறியிருக்கிறது, அடுக்கு முறை மாறவில்லை. அங்கும் அந்தச் சிறு பகுதி பாழாகும்போதுதான் உண்மையான சிக்கல்.

ஸ்லக்குக்குத் திரும்பினால், மீட்பில் அதிகம் பேசப்படாத ஒரு பகுதி பெட்டிக்கு வெளியே இருக்கிறது: யூஎஸ்பி வட்டு. லிங்க்சிஸ் ஃபர்ம்வேர் தான் வடிவமைக்கும் வட்டைத் தரவு, அமைப்பு, ஸ்வாப் என்று மூன்றாகப் பிரித்துக்கொள்ளும். டெபியனுக்காகப் பிரித்த வட்டு அதன் கண்ணுக்கு வடிவமைக்கப்படாத வட்டாகவே தெரியும். வடிவமைக்கட்டுமா என்று கேட்கவும் செய்யும். ஃபிளாஷை மீட்பதில் காட்டிய கவனமெல்லாம் முடிந்து, பச்சை விளக்கைப் பார்த்த மகிழ்ச்சியில் அதற்குச் சம்மதம் சொன்னால் பல ஆண்டுப் படங்களும் கோப்புகளும் போய்விடும். மீட்பு வேலை முடியும்வரை வட்டுகளைக் கழற்றியே வைத்திருப்பதும், அவற்றை முதலில் ஒரு லினக்ஸ் கணினியில் செருகித் தேவையானதை நகலெடுத்துக்கொண்ட பிறகே பெட்டியில் இணைப்பதும் நல்லது.