தோட்டப் பாடலும் இசை முதலீடும்: ஊவாவை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

இசைத்துறையில் முன்னேற விரும்பும் இளைஞர்களுக்கு, அத்துறையில் வெற்றி கண்ட தொழில் முயற்சியாளர்களின் வாழ்க்கையைப் பாடமாக எடுத்துக்காட்டுவது இன்று பெருவழக்காகியுள்ளது. விடாமுயற்சி, துணிவு, காலமறிதல், தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் ஆற்றல் ஆகிய குணங்களே அவர்களை உயர்த்தின என்று கூறப்படுகின்றது. இக்குணங்களின் பெறுமதியை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயினும் பதுளை, மொனராகலை மாவட்டங்களின் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் தலைமுறை தலைமுறையாகப் பாடிவந்த மக்களிடம் விடாமுயற்சி இருக்கவில்லையா? தாலாட்டிலிருந்து ஒப்பாரிவரை வாழ்வு முழுவதையும் பாடலாக்கிய அவர்கள், அப்பாடல்களால் எதனையும் ஈட்டவில்லை. எனவே தனிமனிதக் குணங்களைக் கொண்டு மட்டும் இசைத்துறை வெற்றியை விளக்க இயலாது. வெற்றி பெற்றவர் எத்தகையவர் என்பதோடு, அவர் எதனை உடைமையாகக் கொண்டிருந்தார் என்பதையும் வினவுதல் வேண்டும். இக்கட்டுரை அவ்வினாவையே மையமாகக் கொண்டது.

இவ்விடத்தில் மார்க்ஸ், உபரி மதிப்புக் கோட்பாடுகளை ஆராயும் தமது கையெழுத்துப் படிகளில் பாடகி ஒருத்தியை உதாரணமாகக் கொண்டமை நினைவுகூரத்தக்கது. தன் பாட்டைத் தானே விற்கும் பாடகிக்கும், மற்றொருவரால் அமர்த்தப்பட்டு அவருக்குப் பணம் ஈட்டிக் கொடுக்கும்பொருட்டுப் பாடும் பாடகிக்குமுள்ள வேறுபாட்டை அவர் சுட்டுகின்றார். குரல் ஒன்றே, பாட்டும் ஒன்றே. ஆனால் இரண்டாவது நிலையில் அவளது உழைப்பு மூலதனத்தைப் பெருக்கும் உழைப்பாக மாறிவிடுகின்றது. இசைத்தட்டோ வானொலியோ இணையமோ தோன்றாத காலத்திற் கூறப்பட்ட இவ்வேறுபாடு, பின்வந்த இசைத்தொழில் வரலாறு முழுவதையும் விளங்கிக்கொள்ளத் துணைபுரிவதாகும்.

ஊவாவிலேயே இதற்கு ஒப்பான நிகழ்வொன்றைத் தேயிலையிற் காணலாம். 1871இல் கிளாஸ்கோ நகரில் மளிகைக்கடை தொடங்கிய தோமஸ் லிப்டன், 1890இல் இலங்கைக்கு வந்து அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேத்தன்னை உள்ளிட்ட தோட்டங்களை வாங்கினார். அவரது பெயர் உலகெங்கும் பரவியமைக்குத் தோட்டத்தின் உடைமை மட்டும் காரணமன்று. தேயிலையை அளவு குறித்த சிறு பொதிகளாக்கி, தமது பெயரைப் பொறித்து, தமது கடைகளிலேயே விற்றார். விளைநிலம், பொதி, பெயர், கடை என்ற நான்கும் ஒருவர் கையில் இணைந்தன. கொழுந்து பறித்த பெண்ணின் விரலுக்கும் இலண்டன் குடும்பமொன்றின் தேநீர்க் கோப்பைக்கும் இடைப்பட்ட பாதை முழுவதையும் அவரது வணிகம் தன்வசமாக்கியது. பாடுபவரின் தொண்டைக்கும் கேட்பவரின் செவிக்கும் இடைப்பட்ட பாதையைத் தன்வசமாக்கியவரே இசைத்தொழிலின் வெற்றியாளர் என்பதைப் பின்வரும் வரலாறு காட்டும்.

தோட்டப் பாடல் தோன்றிய சூழலில் அதற்கு விலையில்லை. வேலைத்தலத்திலும் லயத்து வாசலிலும், காமன் கூத்திலும் பொன்னர் சங்கர் கூத்திலும் அது பலராற் பாடப்பட்டு, பலராற் திருத்தப்பட்டு, பலருக்கும் உரியதாக விளங்கியது. கங்காணியின் கொடுமையும் கடன்சுமையும் பிரிவுத்துயரும் அதன் பொருளாயின. எனினும் இசை அங்கு முற்றிலும் சுதந்திரமாக இயங்கியது என்று கருதுதல் பொருந்தாது. திருவிழாவிலும் இழவிலும் ஒலித்த அதே தப்பு, விடியற்காலையில் தொழிலாளரைப் பெரட்டுக்கு அழைக்கவும் அடிக்கப்பட்டது. மக்களின் தாளக்கருவியே நிர்வாகத்தின் நேரக்கருவியாகவும் ஆக்கப்பட்டமை, உழைப்பு நிகழுமிடத்தில் உடைமையாளனின் அதிகாரம் இசையையும் விட்டுவைக்கவில்லை என்பதைப் புலப்படுத்தும்.

இப்பாடல் மரபினின்றும் உரமெடுத்து, அதனை அச்சு என்னும் நவீன சாதனத்தோடு இணைத்தவர்கள் கோ. நடேசய்யரும் அவரது துணைவியார் மீனாட்சியம்மையும் ஆவர். நடேசய்யரைத் தொழிற்சங்கத் தலைவராகவும் பத்திரிகையாளராகவும் போற்றும் நாம், அவர் வணிகத்துறை அறிவு வாய்ந்தவர் என்பதைப் போதிய அளவு கவனித்தோமில்லை. தஞ்சையில் ‘வர்த்தக மித்திரன்’ என்னும் பத்திரிகையோடு தொடர்புற்றிருந்த அவர், இலங்கைக்கு வந்தபின் புடைவை வியாபாரியாக வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்து தொழிலாளர் நிலையை நேரிற் கண்டறிந்தார். தோட்டத்து எல்லைக்குள் அந்நியர் புக இயலாதிருந்த காலத்தில், வியாபாரி மட்டும் புகமுடியும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1920களில் ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகளை நடத்தினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சம்மேளனம் அமைத்தார். 1936இல் அற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குச் சென்றார்.

தொழிலாளரிடையே எழுத்தறிவு அரிதாயிருந்த அச்சூழலில், கட்டுரையால் மட்டும் அவர்களை அணுக இயலாது என்பதை இவ்விருவரும் கண்டனர். மீனாட்சியம்மை கூட்டங்களிற் பாடினார்; மக்கள் ஏற்கெனவே அறிந்திருந்த மெட்டுக்களில் புதிய செய்தியை அமைத்தார். ‘இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை’ என்னும் அவரது பாடற்பிரசுரம் 1940இல் வெளிவந்தது. அதே ஆண்டில் பதுளைக்கு அண்மையிலுள்ள வேவெஸ்ஸ தோட்டத்தில், இலங்கை சமசமாஜக் கட்சியின் வழிகாட்டலில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்து தமக்கெனச் சபையொன்றைத் தெரிந்தெடுத்தனர் என்பது உடன்வைத்து நோக்கத்தக்கது. ஒன்று மற்றொன்றின் நேரடி விளைவு என்பது எமது வாதமன்று. தோட்டம் வாய்திறந்த காலத்தின் இரு வெளிப்பாடுகள் அவை.

இங்கு இசைஞர் கற்கவேண்டிய பாடம் தெளிவானது. படைப்பு, அச்சு, விநியோகம், கேட்போர் கூட்டம் ஆகிய நான்கையும் இவ்விருவரும் ஓரிடத்திற் கொணர்ந்தனர். லிப்டன் இலாபத்திற்காக ஒருங்கிணைத்ததை இவர்கள் ஒரு வர்க்கத்தின் விழிப்புக்காக ஒருங்கிணைத்தனர். ஆனால் இதன் குறைபாட்டையும் கூறுதல் வேண்டும். இம்முயற்சி இரு தனிமனிதரின் ஆளுமையையே பெரிதும் சார்ந்திருந்தது. பாடற்பிரசுரம் வெளியிடும் நிறுவனமாகத் தொழிலாளர் அமைப்பு எதுவும் வளரவில்லை. நடேசய்யர் 1947இல் மறைந்தபின் அம்மரபு தொடர்ச்சியற்று நின்றது. அமைப்பாக மாறாத முயற்சி அதனைத் தொடங்கியவரோடு முடிவுறும் என்பது இவ்வரலாறு தரும் எச்சரிக்கையாகும்.

கடலுக்கு அப்பால் தமிழகத்தில் இதே காலப்பகுதியில் இசைத்தட்டுத் தொழில் வேறொரு திசையில் வளர்ந்தது. காரைக்குடியில் தந்தையின் கடையில் இசைத்தட்டுக்களை விற்றுவந்த ஏவி. மெய்யப்பன், 1932இல் நண்பர்களுடன் சேர்ந்து சென்னையில் சரஸ்வதி ஸ்டோர்ஸ் நிறுவனத்தைத் தொடங்கி, ஓடியன் என்னும் ஜெர்மன் நிறுவனத்தின் துணையுடன் இசைத்தட்டுக்களைத் தயாரித்தார். பிறர் தயாரித்ததை விற்பவர் என்ற நிலையிலிருந்து தாமே தயாரிப்பவர் என்ற நிலைக்கு மாறியமையே அவரது வாழ்வின் திருப்புமுனை. 1935இல் எடுத்த முதற்படமான ‘அல்லி அர்ஜுனா’ தோல்வியுற்றபோதிலும் அவர் நிலைகுலையவில்லை. பாடலைச் சேமித்து மீண்டும் மீண்டும் விற்கலாம் என்ற இசைத்தட்டு வணிகத்தின் அடிப்படை இரகசியத்தை அவர் அறிந்திருந்தார். பாடகர் ஒருமுறை உழைக்கிறார். தட்டு பல்லாயிரம் முறை உழைக்கின்றது. தட்டு யாருடையதோ, பின்னைய உழைப்பின் பயன் அவருடையதாகின்றது.

முயற்சியாளரின் பங்கை இங்கு நாம் குறைத்து மதிப்பிடலாகாது. முதலிட்டு, நட்டத்தை ஏற்று, ஒலிப்பதிவுக்கூடத்தை அமைத்து, ஊரூராகத் தட்டுக்களைக் கொண்டுசென்றவர்கள் இல்லையெனில் அக்காலக் குரல்கள் பல நமக்கு எட்டியிரா. அது வரலாற்றில் முற்போக்கான பணியே. ஆனால் அப்பணிக்கு ஈடாக அவர்கள் பெற்றது, கூலியன்று, உடைமை.

கலைஞர் பக்கத்திலும் விதிவிலக்குகள் உண்டு. கொடுமுடி கே.பி. சுந்தராம்பாள் 1935இல் வெளிவந்த ‘நந்தனார்’ படத்திற்கு ஓர் இலட்சம் ரூபா பெற்றமை அக்காலத்திற் பெருவியப்பாகப் பேசப்பட்டது. வறுமையிற் பிறந்த அவர் இத்தொகையைக் கேட்டுப் பெற முடிந்தமைக்குக் காரணம், படத்துறை அவரை உருவாக்குவதற்கு முன்னரே நாடக மேடையும் இசைத்தட்டும் அவருக்கெனக் கேட்போர் கூட்டத்தை உருவாக்கியிருந்தமையே. தன்னைச் சார்ந்த மக்கள் கூட்டத்தை முன்னரே பெற்றிருந்த கலைஞர், முதலாளியிடம் கையேந்தாமற் பேரம்பேச முடிந்தது.

தமிழகத்தின் இடதுசாரி மேடைகளில் தோன்றிய மற்றொரு மரபும் இங்கு நோக்கற்குரியது. பாவலர் வரதராஜன் கம்யூனிஸ்ட் கட்சி மேடைகளில் நாட்டார் மெட்டுக்களைக் கொண்டு பாடியவர். அக்குழுவிற் பயின்ற அவரது தம்பி இளையராஜா, 1976இல் ‘அன்னக்கிளி’ மூலம் திரைக்கு வந்தபோது உழைக்கும் மக்களின் இசை பெருஞ்சந்தையின் பண்டமாகியது. ஆனால் அச்சந்தையின் சட்டம் யாது? 1977இல் இந்திய உயர்நீதிமன்றங்களுக்கு மேலான உச்சநீதிமன்றம், ஊதியம் பெற்றுத் திரைப்படத்துக்கு இசையமைத்தவரைவிடத் தயாரிப்பாளரே பதிப்புரிமையின் முதல் உடைமையாளர் எனத் தீர்ப்பளித்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின்னரே, பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உரிமைத்தொகையிற் சமபங்கு பெறும் உரிமையை விட்டுக்கொடுக்க இயலாது என்ற பாதுகாப்பு சட்டத்தில் இடம்பெற்றது. இளையராஜா தம் பாடல்களின் உரிமைக்காக நடத்திவரும் வழக்குகளைத் தனிமனித பிடிவாதமாகக் காண்போர் இப்பின்னணியை மறந்துவிடுகின்றனர்.

இவ்வரலாறு மலையகத்தை மீண்டும் தொட்டது 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலாகும். அறிவு எழுதித் தீயுடன் பாடிய, சந்தோஷ் நாராயணன் இசையமைப்பில் வெளிவந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’, மாஜா என்னும் நிறுவனத்தால் இணையத்தில் வெளியிடப்பட்டு உலகெங்குமிருந்து கோடிக்கணக்கானோராற் கேட்கப்பட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின்னர் தமிழகம் திரும்பிய தமது பாட்டியின் வாழ்வே அப்பாடலின் ஊற்று என அறிவு கூறியுள்ளார். 1964ஆம் ஆண்டு சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என எண்ணிக்கையாகக் குறிக்கப்பட்ட மக்களின் துயரம், அரை நூற்றாண்டுக்குப் பின்னர் ஒப்பாரி மரபோடு இணைந்து உலகச் சந்தையில் ஒலித்தது.

அதன்பின் நிகழ்ந்தவை இளம் இசைஞர் ஒவ்வொருவரும் ஊன்றி நோக்கவேண்டியவை. 2021 ஆகஸ்டில் இந்திய இசைச் சஞ்சிகையொன்றின் அட்டையில் அறிவின் உருவம் இடம்பெறாமை கண்டனத்துக்குள்ளானது. 2022இல் சென்னையில் நடைபெற்ற சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் அவரின்றி அரங்கேறியபின், படைப்பில் யாருக்கு எவ்வளவு பங்கு என்ற சர்ச்சை வெளிப்படையாக எழுந்தது. 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாடலின் வருவாயிலிருந்து தமக்கோ உடன்பாடியோருக்கோ எதுவும் கிடைக்கவில்லை எனப் பகிரங்கமாகக் கூறினார்; நிறுவனத் தரப்பு வேறு விளக்கம் அளித்தது. இவ்வழக்கில் நீதி வழங்குவது எமது பணியன்று. ஆயினும் நூற்றாண்டுகாலத் தோட்ட உழைப்பின் நினைவு உலகப் புகழ் பெற்ற பின்னரும், அதனைப் பாடியவர்கள் பெயருக்கும் பங்குக்கும் வாதிட நேர்ந்தது என்பது மறுக்கவியலாத உண்மை. சுயாதீன இசை என்று அழைக்கப்படுவதிலும் பதிவின் உடைமையும் கணக்கேடும் யாரிடம் உள்ளன என்பதே தீர்மானிக்கும் காரணியாகின்றது.

எனவே வெற்றி பெற்ற இசைத்தொழில் முயற்சியாளரிடமிருந்து ஊவாவின் இளம் இசைஞர் கற்கவேண்டியவை எவை? முதலாவது, பாடலும் பாடலின் பதிவும் வெவ்வேறு உடைமைகள் என்பதை அறிதல். ஒன்றை விற்கும்போது மற்றொன்றும் கைமாறுகின்றதா என்பதை ஒப்பமிடுமுன் கேட்டறிதல் வேண்டும். இரண்டாவது, எழுதியவர், மெட்டமைத்தவர், பாடியவர் ஆகியோரின் பங்கை நட்பு நிலவும்போதே எழுத்தில் வரையறுத்தல். மூன்றாவது, கணக்கைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடாமை. லிப்டனும் மெய்யப்பனும் கணக்கேட்டைப் பிறரிடம் ஒப்படைத்துவிட்டுக் கலையில் ஆழ்ந்தவர்களல்லர். நான்காவது, சுந்தராம்பாளைப் போல, நிறுவனத்தை அணுகுமுன்னரே தமக்கெனக் கேட்போர் கூட்டத்தைத் தோட்டத்திலும் நகரத்திலும் உருவாக்கிக்கொள்ளுதல்.

இவை நான்கும் தனியொருவரைக் காக்கலாம். ஆனால் கூட்டுப் படைப்பான தோட்டப் பாடலை யார் காப்பது? சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்த ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ 1983இல் நூலாக வெளிவந்தமையால் அழியவிருந்த பலவும் எழுத்தில் நிலைத்தன. இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் நாட்டார் வழக்காற்று வெளிப்பாடுகளுக்கும் பாதுகாப்பை ஏற்கின்றது. ஆனால் சட்டம் தானாக இயங்குவதில்லை. அதனை இயக்க மக்கள் அமைப்பு வேண்டும். பசறை, லுணுகலை, மடுல்சீமை, மொனராகலைப் பகுதிகளின் முதியோரிடமிருந்து பாடல்களைப் பதிவுசெய்யும் மாணவர்கள், பாடியவரின் பெயர், தோட்டம், நாள், சம்மதம் ஆகியவற்றைக் குறித்து, பதிவின் படியொன்றை அவர்களிடமே ஒப்படைத்தல் முதற்படியாகும். அப்பதிவுகளை உடைமையாகக் கொண்டு, வருவாயைப் பங்கிடும் இசைஞர் கூட்டுறவொன்றை அமைப்பது அடுத்த படி. மீனாட்சியம்மையும் நடேசய்யரும் தொடங்கியதற்கு நிறுவன வடிவம் கொடுப்பது அதுவேயாகும்.

தொழில் முயற்சியாளரின் வெற்றி தரும் மெய்யான பாடம், உற்பத்திச் சாதனத்தின் உடைமையே பயனின் உடைமையைத் தீர்மானிக்கும் என்பதாகும். அதனை ஒருவர் தனித்துக் கற்பின் மற்றுமொரு முதலாளி தோன்றக்கூடும். பாடிய மக்கள் ஒன்றுசேர்ந்து கற்பின், கொழுந்துக்கு நேர்ந்த கதி பாடலுக்கும் நேராது தடுக்கலாம் என்பது எமது துணிபு.