'சபுர் செய்' என்பது தீர்ப்பாகுமா?

கணவனின் அடிக்கு அஞ்சித் தாய்வீடு திரும்பும் பெண்ணிடம், நம் மஹல்லாக்களில் பெரியோர் பலர் முதலில் கூறுவது 'சபுர் செய், அம்மா' என்பதே. சபுர் உயர்ந்த பண்பு என்பதில் ஐயமில்லை. ஆயினும், கொடுமை செய்தவனை விசாரியாது, அதற்கு ஆளானவளிடம் மட்டும் அதனைக் கேட்பது நம் மார்க்க வரலாறு காட்டும் வழிதானா என ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஹபீபா பின்த் ஸஹ்ல் (ரலி) அவர்களின் செய்தியை இமாம் அபூதாவூத் (ரஹ்) தம் ஸுனனில் பதிவு செய்துள்ளார்கள். கணவர் அடித்ததால் உடலில் முறிவு ஏற்பட்ட அவ்வம்மையார், சுபுஹு வேளைக்குப் பின் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் முறையிட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் கணவரை அழைத்து, மஹராகத் தந்த தோட்டங்களைப் பெற்றுக்கொண்டு பிரிந்துவிடுமாறு பணித்தார்கள். பொறுத்துக்கொள் என்று அப்பெண்ணைத் திருப்பியனுப்பவில்லை.

கணவன் பிரிவுக்கு இசையாவிடில் என்ன செய்வது? மனைவிக்குத் துன்பம் இழைக்கப்படுவது நிரூபணமானால் காழியே பிரித்து வைக்கலாம் என்பது மாலிகி மத்ஹபின் நிலை. ஹனபி மத்ஹபிலோ இதற்கு இடம் மிகக் குறுகியது. ஆங்கிலேயர் ஆட்சியில் பஞ்சாபில் விடுதலைக்கு வேறு வழி காணாத பெண்கள் சிலர் மதம் மாறும் அளவுக்குத் துணிந்தனர். இது கண்டு உள்ளம் நொந்த மௌலானா அஷ்ரப் அலி தானவி (ரஹ்) அவர்கள், மாலிகி ஆலிம்களின் கருத்துகளைக் கேட்டுப் பெற்று, 1930களின் தொடக்கத்தில் 'அல்-ஹீலத்துன் நாஜிஸா' எனும் நூலை இயற்றினார்கள். காழி முஹம்மது அஹ்மது காஸ்மி 1936இல் மத்திய சட்டசபையில் மசோதா கொணர்ந்தார். 1939இல் முஸ்லிம் திருமண ரத்துச் சட்டம் பிறந்தது. வழக்கமாக அடிப்பது மட்டுமன்றி, கை ஓங்காமலே வாழ்வைத் துயரமாக்கும் கொடுமையும் மணவிடுதலைக்குரிய காரணம் என்று அச்சட்டம் கூறுகிறது. ஆக, இவ்வுரிமை அந்நியர் நம்மீது திணித்ததன்று. நம் ஆலிம்களின் கவலையில் விளைந்தது.

பின்னர் 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழகத்தின் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் தோன்றியது. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், மணவிடுதலை கோராத மனைவிக்கும் பாதுகாப்பு ஆணையும் கணவன் வீட்டில் குடியிருக்கும் உரிமையும் அளித்தது. புதுக்கோட்டையில் ஷரீபா கானம் பெண்களுக்கெனத் தனி ஜமாஅத் அமைத்ததும், தம் வழக்கைத் தாமே எடுத்துரைக்கப் பெண்களுக்கு இடமில்லை என்ற ஆதங்கத்தினாலேயே. அம்முயற்சியை ஏற்போரும் மறுப்போரும் நம்மிடையே உண்டு. அந்த ஆதங்கத்தை மறுப்பதற்கில்லை.

இன்று ஊரப்பாக்கம், வண்டலூர், கூடுவாஞ்சேரி போன்ற புறநகர்களில் பல ஊர்களிலிருந்து வந்த குடும்பங்கள் வாழ்கின்றன. சொந்தம் அருகில் இல்லாத பெண்ணுக்கு மஹல்லாவே தாய்வீடாக வேண்டும். முறையிட வருபவளைத் தனியே அமர்த்திக் கேட்க நம்பிக்கையான பெண்மணிகள் இருவரை ஒவ்வொரு ஜமாஅத்தும் நியமிக்கலாம். கணவனை அழைத்து விசாரிக்குமுன் அவளைத் திருப்பியனுப்பலாகாது. உயிருக்கு அச்சமிருப்பின் 181 என்னும் மகளிர் உதவி எண்ணையும் காவல் நிலையத்தையும் நாட நாமே துணைநிற்றல் வேண்டும். சமரசம் நல்லதே, ஆனால் அது அடி நின்ற பின்னரே தொடங்கத் தக்கது.