பித்தர் விடுதியும் புழுங்கலரிசியும்

சித்தங் கலங்கியவனுக்கும் ஓர் உடல் உண்டு என்பதை உலகம் நெடுங்காலம் மறந்திருந்தது. அவனைப் பிடித்த பேயை நம்மவர் கண்டனர். அப்பேயை ஓட்டுதற்கு வேப்பிலையும் பிரம்பும் சங்கிலியும் கண்டனர். அவன் உண்டானா, அவன் கால் வீங்கியிருக்கின்றதா, மூச்சு வாங்குகின்றதா என்று பார்த்தவர் மிகச் சிலரே. மேல்நாட்டாரும் இவ்வகையில் நம்மினும் மேம்பட்டிருந்தாரல்லர். இலண்டன் நகரத்துப் பெத்லெம் விடுதியில் பித்தரைச் சங்கிலியிற் பிணித்து வைத்து, வேடிக்கை பார்க்க வந்தோரிடம் காசு வாங்கியதும் உண்டு. (பித்தர் என்னுஞ் சொல்லை இகழ்ச்சிப் பொருளில் யாம் ஆளவில்லை, பழைய ஏடுகளின் செய்தியைக் கூறுங்கால் வேறு சொல் பொருந்தாமையால் ஆளுகின்றோம்.)

அந்த விலங்கு கழன்ற வரலாற்றைப் பலரும் அறிவர். பிரெஞ்சு வைத்தியர் பினேலின் பெயரே அதில் முன்னிற்கும். ஆயினும், பாரிசு நகரத்துப் பிசேத்ர் விடுதியில் 1797-ம் ஆண்டு பித்தரின் சங்கிலியை அகற்றியவர் ஆங்குக் கண்காணிப்பாளராயிருந்த புஸ்ஸேன் என்பவர். அவர் பட்டம் பெற்றவரல்லர். தோல் பதனிடுந் தொழிலாளி. கண்டமாலை நோயால் அவ்விடுதிக்கு நோயாளியாய் வந்து, குணமடைந்து, அங்கேயே வேலைக்கமர்ந்தவர். தொழிலாளி செய்ததைப் பண்டிதர் பெயரில் எழுதிக்கொள்ளும் வழக்கம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று போலும்! அதற்கு ஓராண்டு முன்னர், இங்கிலாந்தில் யார்க் நகரையடுத்து, வில்லியம் டியூக் என்னுந் தேயிலை வணிகர் ஒரு விடுதி திறந்தார். நல்ல உணவு, தூய காற்று, நடை, தோட்ட வேலை ஆகியவையே அங்குத் தலையாய மருந்துகள்.

இவை நிற்க. நம் வாசகர் பலர் அறியாத ஒரு வரலாறு நம் மலாயாவிலேயே நிகழ்ந்துளது. அதனைச் சற்று விரித்துரைப்போம்.

இந்நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை அலைக்கழித்த நோய்களுள் ஒன்று பெரிபெரி. கால் மரத்துப்போகும், பின்னர் வீங்கும், சிலருக்கு நடையே நின்றுவிடும், முடிவில் நெஞ்சு தளர்ந்து உயிர் போகும். ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனரை இது பெருவாரியாய்க் கொன்றது. தோட்டங்களில் உழைத்த தமிழரையோ அரிதாகவே தீண்டிற்று. இருவரும் ஏழைகள், நெருக்கமாக வாழ்ந்தோர், உழைப்பிலும் குறைந்தாரல்லர். அவ்வாறிருக்க இவ்வேற்றுமை ஏன்? நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராயிருந்த பிராடன் என்பவர் இதனைக் கூர்ந்து நோக்கினார். சீனர் உண்டது சீயத்திலிருந்து வந்த, ஆலையில் தீட்டப்பட்ட வெள்ளைப் பச்சரிசி. தமிழர் உண்டது இந்தியாவிலிருந்து வந்த புழுங்கலரிசி. மலாய்க்காரர் தம் வீட்டு உரலில் அவ்வப்போது குத்தி உண்டனர். அவரையும் நோய் பெரிதுந் தாக்கவில்லை. குற்றம் அரிசியில்தான் என்றார் பிராடன். உடனே நம்பினாரில்லை. இடத்தின் தொற்றே காரணம் என்பாரே பலராயிருந்தனர்.

1905-ம் ஆண்டில் கோலாலம்பூர்ப் பித்தர் விடுதியில் பெரிபெரி கடுமையாய்ப் பரவிற்று. வில்லியம் பிளெட்சர் என்னும் வைத்தியர், இவ்வழக்கைத் தீர்க்க ஒரு சோதனையை வகுத்தார். அவ்வாண்டு டிசம்பரில் விடுதியிலுள்ளாரையெல்லாம் உணவுக் கொட்டகையில் வரிசையாய் நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண்ணினர் முற்றத்தின் கீழ்ப்புறக் கட்டடத்துக்குச் சென்றனர். அவர்க்குப் பழைய சீயத்து அரிசியே தொடர்ந்தது. இரட்டைப்படை எண்ணினர் மேற்புறக் கட்டடத்துக்குச் சென்றனர், அவர்க்குப் புழுங்கலரிசி. ஏனைய உணவெல்லாம் இரு சாரார்க்கும் ஒன்றே. புதிதாய் வந்தோரும் இவ்வாறே பிரிக்கப்பட்டனர். நோய் கட்டடத்தில் ஒட்டியிருக்குமோ என்னும் ஐயத்தைப் போக்க, 1906-ம் ஆண்டின் நடுவில் இரு சாராரையும் இடம் மாற்றினார். நோய் கட்டடத்தோடு நிற்கவில்லை. அரிசியின் பின்னே சென்றது.

ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தபோது, வெள்ளையரிசி உண்டார் 120 பேர். அவருட் பலர் நோயுற்றனர், 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்டார் 123 பேர். அவருள் பெரிபெரியால் மாண்டவர் ஒருவருமில்லை. 1907-ம் ஆண்டு லான்செட் என்னும் வைத்திய இதழில் பிளெட்சர் இதனை வெளியிட்டார். சிங்கப்பூர்ப் பித்தர் விடுதியின் தலைவராயிருந்த கில்மோர் எல்லிஸ் என்பவரும் 1909-ம் ஆண்டு அரிசியே காரணமென எழுதினார். நெல்லை உமியோடு ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகின்றது. பின்னர் ஆலையில் தீட்டினும் முற்றும் போவதில்லை. அச்சத்தினைப் படிகமாய்ப் பிரித்தெடுத்தது பத்தேவியா நகரில், 1926-ம் ஆண்டு. இன்று அதற்கு வைட்டமின் பி-1 என்று பெயர். நம் பாட்டிமார் நெல் அவித்தது இதனையறிந்தன்று. ஆயினும் அவர் அவித்த நெல் கடல் கடந்து வந்து கூலித் தமிழனைக் காத்தது.

இனி, இதில் நம் நெஞ்சை உறுத்துவது ஒன்றுண்டு. அந்தப் பதினெண்மர் யார்? வரிசையில் நில் என்றபோது நின்றார். எண்ணைச் சொல் என்றபோது சொன்னார். அவரிடம் சம்மதம் கேட்டாரில்லை. கேட்க வேண்டுமென்னும் வழக்கமும் அக்காலத்தில் வேரூன்றியிருக்கவில்லை. பிளெட்சரைக் கொலைஞர் என்று தூற்றுதல் அறியாமை. அவ்வரிசி அவர் புதிதாய்க் கொடுத்ததன்று; முன்னிருந்த உணவே. உண்மை துலங்கியதால் பின்னர்ப் பல்லாயிரவர் பிழைத்தனர். எனினும், இச்சோதனை உத்தியோகத்தர் மாளிகையில் நடவாமல் பித்தர் விடுதியில் நடந்தமைக்குக் காரணம் வெளிப்படை. மறுத்துப் பேச முடியாதவர் அங்கிருந்தனர்.

மற்றுமொன்று. பி-1 சத்துக் கடுமையாய்க் குறையின் அறிவே மயங்கும், நினைவு தடுமாறும் என்பதை வைத்திய நூல்கள் கூறுகின்றன. அவ்விடுதிகளில் பைத்தியமென்று எண்ணப்பட்ட தடுமாற்றத்துள் எத்தனை பங்கு பட்டினியின் வேலையோ!

1911-ம் ஆண்டு ஈப்போவையடுத்த தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மனநோய் மருத்துவமனை திறக்கப்பட்டது. பரந்த நிலமும் காய்கறித் தோட்டமும் அங்கிருந்தன. நோயாளிகள் மண்வெட்டி பிடித்தனர். வேலை மருந்தென்றது வைத்தியம். செலவு குறையுமென்றது கணக்கு. இரண்டும் உண்மையே. கூலியில்லா உழைப்பை யாம் போற்றவில்லை. ஆயினும் வெயிலும் காற்றும் வியர்வையும் அவ்வுடல்களுக்குக் கிட்டின என்பதை மறுக்கவுமியலாது. ஜப்பானியர் ஆட்சியில் உணவற்றுப் போனபோது அங்கு மடிந்தார் பலர். பஞ்சம் வந்தால் முதலிற் பசிப்பவர் கேட்கத் தெரியாதவரே.

1952-ம் ஆண்டு குளோர்புரோமசின் என்னும் மருந்து பாரிசில் புகழ்பெற்றது. வெறி தணிந்தது, ஆண்டுக்கணக்காய் அடைபட்டோர் வீடு திரும்பினர். பெருநன்மை அது. ஆனால் வீடு திரும்பியவன் தோட்டத்தை விட்டு வந்து திண்ணையில் அமர்ந்தான். பின்னர் வந்த குளோசபின், ஒலான்சபின் முதலிய மருந்துகள் மனத்தைத் தெளிவிக்கும்போதே பசியைத் தூண்டி உடலைப் பருக்கச் செய்கின்றன. சர்க்கரை நோய்க்கும் வழிவிடுகின்றன. புகைப்பழக்கமும் இவரிடை மிகுதி. கடுமையான மனநோயுற்றார் ஏனையோரினும் 10 முதல் 20 ஆண்டு முன்னதாகவே இறக்கின்றனர் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. தற்கொலை அதில் ஒரு பகுதியே. பெரும்பகுதி நெஞ்சு நோய் முதலிய சாதாரண உடல் நோய்கள். நெஞ்சு வலிக்கின்றதென்று இவன் சொன்னால், "பைத்தியம் பிதற்றுகின்றது" என்று தள்ளிவிடுவார் இன்றும் உளர். ஏர்வாடியில் 2001-ம் ஆண்டு கொட்டகை தீப்பற்றியபோது சங்கிலியிற் கிடந்த 28 பேர் வெந்து மாண்டதை நாம் மறந்துவிடவில்லை. அங்கே பேய்க்கு மருந்து பார்த்தனர். காலில் விலங்கிருந்ததைப் பார்த்தாரில்லை.

ஒழுங்கான நடையும் பயிற்சியும் இந்நோயாளரின் நெஞ்சை வலுப்படுத்துவதோடு நோய்க்குறிகளையும் ஓரளவு தணிக்கின்றன என ஆராய்ச்சிகள் காட்டியுள. மருந்தை நிறுத்திவிட்டு ஓடச் சொல்வாரும் சிலர் உளர், அது பெருந்தவறு. மருந்தும் வேண்டும், நடையும் வேண்டும். தனியே நட என்று ஏவினால் அவன் நடப்பதில்லை. ஊக்கம் குன்றுதலே அந்நோயின் ஒரு குறி. கூட ஒருவர் நடந்தால் நடப்பான். உலக சுகாதார நிறுவனம் 2018-ம் ஆண்டு வெளியிட்ட நெறிமுறைகளில் உணவையும் உடலுழைப்பையும் புகை விடுதலையும் மனநோய் வைத்தியத்தோடு சேர்த்தே கூறியுளது. மருந்து தொடங்கும் நாளிலேயே எடையும் இடுப்பளவும் இரத்தத்துச் சர்க்கரையும் குறித்துவைத்து, பின்னரும் அவ்வப்போது பார்த்துவர வேண்டும். குறித்தார்களா என்று மகனை அழைத்துச் செல்லும் தாய் கேட்கலாம். தமையனை அழைத்துச் செல்லும் தம்பி கேட்கலாம். சீட்டில் அந்த மூன்று எண்களும் இல்லையாயின், எழுதித் தரும்வரை நாற்காலியை விட்டு எழவேண்டுவதில்லை.