ஒரு விமான நிறுவனம் கொழிக்கிறது, இன்னொன்று தவிக்கிறது: ஏன்?

2023 அக்டோபர் 12, வியாழக்கிழமை. அதிகாலையில் மைஏர்லைன் நிறுவனத்திடமிருந்து ஓர் அறிவிப்பு வந்தது: அன்று முதல் விமானச் சேவை கிடையாது. செப்பாங் இரண்டாம் முனையத்துக்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தவர்களில் பலருக்கு அங்கு போன பிறகுதான் சேதி தெரிந்தது. தீபாவளிக்குச் சரியாக ஒரு மாதம் இருந்த நேரம். ஏறக்குறைய 1 லட்சத்து 25 ஆயிரம் பயணிகள் டிக்கெட் வாங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் திரும்பக் கிடைக்க வேண்டிய தொகை சுமார் 2 கோடி வெள்ளி. அந்நிறுவனத்தின் முதல் விமானம் பறந்தது 2022 டிசம்பர் 1-ஆம் தேதி. முழுதாகப் பதினொரு மாதம்கூட ஆகவில்லை.

விமான நிலையத்துக்குப் போனால் எப்போதும் கூட்டம். டிக்கெட் விலையும் பண்டிகைக் காலத்தில் விண்ணைத் தொடுகிறது. பிறகு ஏன் இந்த நிறுவனங்கள் மட்டும் அடிக்கடி மூழ்குகின்றன? அதே வானில் பறக்கும் சில நிறுவனங்கள் எப்படி ஊழியர்களுக்கு ஏழு, எட்டு மாத போனஸ் கொடுக்கின்றன?

இருக்கை என்பது காலைச் சந்தைக் கீரை

கீரையாவது மாலை வரை தாங்கும். விலையைக் குறைத்து விற்றுவிடலாம். விமானத்தின் கதவு மூடியதும் காலி இருக்கையின் மதிப்பு சுழியம். ஆனால் செலவு குறைவதில்லை. 180 பேர் ஏறினாலும் 100 பேர் ஏறினாலும் விமானி, எரிபொருள், வாடகை, விமான நிலையக் கட்டணம் எல்லாம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம். 180 இருக்கை கொண்ட விமானம் ஒருமுறை பறக்க 36,000 வெள்ளி செலவு. சராசரி டிக்கெட் விலை 240 வெள்ளி என்றால் 150 பேர் ஏறும்போது முதல் தேறுகிறது. 160 பேர் வந்தால் 2,400 வெள்ளி இலாபம். 145 பேர்தான் வந்தார்கள் என்றால் 1,200 வெள்ளி நட்டம். இடையில் இருப்பது வெறும் பதினைந்து பேர். போட்டி நிறுவனம் விலையைக் குறைக்கிறது, நாமும் 200 வெள்ளிக்கு இறக்க வேண்டியதாகிறது என்றால், ஓர் இருக்கைகூட காலியில்லாமல் பறந்தாலும் கையில் எதுவும் மிஞ்சாது.

இது வெறும் கற்பனைக் கணக்கன்று. அனைத்துலக விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டா சொல்லும் கணக்குப்படி, உலக விமான நிறுவனங்கள் நல்ல ஆண்டுகளில்கூட ஒரு பயணியிடமிருந்து சராசரியாக ஈட்டும் நிகர இலாபம் 7 அமெரிக்க டாலர் அளவில்தான் இருக்கிறது. இவ்வளவு மெல்லிய ஓரத்தில் நடக்கும் தொழிலில் ஒரு தவறு போதும்.

நம் நாட்டு நிறுவனங்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. எரிபொருள், விமான வாடகை, உதிரிப் பாகங்கள் எல்லாம் அமெரிக்க டாலரில்; நாம் கொடுக்கும் டிக்கெட் பணமோ ரிங்கிட்டில். ரிங்கிட் சரிந்தால், ஒரு பயணிகூடக் குறையாமலே செலவு ஏறிவிடும்.

ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகள்

மலேசியர்களும் சிங்கப்பூரர்களும் அடிக்கடி ஒப்பிடும் இரண்டு நிறுவனங்கள் ஒரே வேரில் வந்தவை. 1947-இல் பறக்கத் தொடங்கிய மலாயன் ஏர்வேஸ் பின்னர் மலேசியா-சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஆகி, 1972 அக்டோபர் 1-இல் இரண்டாகப் பிரிந்தது. ஒன்று சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். மற்றொன்று நாம் மாஸ் என்றழைக்கும் மலேசிய விமான நிறுவனம்.

பிரிந்தபோது மாஸுக்குத்தான் சாதகம் என்று தோன்றியிருக்கலாம். அதற்குப் பினாங்கு, ஜொகூர், சபா, சரவாக் என்று உள்நாட்டுச் சந்தை இருந்தது. சிங்கப்பூருக்கு உள்நாட்டுப் பயணமே கிடையாது. விமானம் ஏறினால் வெளிநாடுதான். அதனால் முதல் நாளிலிருந்தே உலகின் பெரிய நிறுவனங்களோடு மோத வேண்டிய கட்டாயம். வணிகப் பயணிகளை ஈர்க்கும் சேவை, சாங்கியில் மாறிச் செல்லும் பயணிகள், சரக்கு ஆகியவற்றைச் சுற்றியே அது வளர்ந்தது. வலுவான சிங்கப்பூர் வெள்ளியும் துணை நின்றது.

மாஸ் தோளில் வேறு சுமைகள் ஏறின. இலாபம் தராத உட்புற வழித்தடங்களையும் அது நடத்த வேண்டியிருந்தது. சரவாக் உட்புறத்தில் இருப்பவருக்கு மருத்துவமனைக்குப் போக அந்தச் சிறு விமானம்தான் வழி; அதை நிறுத்தச் சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் அச்சேவையின் நட்டத்தையும் நிறுவனத்தின் சொந்தத் திறமைக் குறைவையும் ஒரே பேரேட்டில் எழுதினால், எது எதனால் வந்தது என்றே தெரியாமல் போகிறது. மாஸுக்கு அதுதான் நடந்தது என்பது என் கருத்து.

உரிமையாளர் கதை இன்னும் சிக்கலானது. 1994-இல் டான்ஸ்ரீ தாஜுடின் ராம்லி ஒரு பங்கு 8 வெள்ளி என்ற விலையில், ஏறக்குறைய 179 கோடி வெள்ளிக்கு, மாஸின் கட்டுப்பாட்டுப் பங்கை வாங்கினார். 1997 நிதி நெருக்கடி வந்தது, ரிங்கிட் விழுந்தது, டாலர் கடன் வீங்கியது. 2000-ஆம் ஆண்டு இறுதியில் அரசாங்கம் அப்பங்குகளைத் திரும்ப வாங்க ஒப்புக்கொண்டபோது கொடுத்த விலையும் அதே 8 வெள்ளி. அப்போது சந்தையில் அப்பங்கு 4 வெள்ளிகூடப் போகவில்லை.

மாஸால் முடியவே முடியாது என்றும் சொல்வதற்கில்லை. 2005 இறுதியில் ஷெல் நிறுவனத்திலிருந்து வந்த இட்ரிஸ் ஜாலா, நட்டம் தந்த வழித்தடங்களை வெட்டினார்; ஒவ்வொரு வழித்தடத்துக்கும் தனித்தனியாக வரவு செலவு பார்க்க வைத்தார். 2007-இல் 85 கோடி வெள்ளி இலாபம், அதுவரை காணாத சாதனை. நான்கே ஆண்டுகளில், 2011-இல், 250 கோடி வெள்ளி நட்டம். எரிபொருள் விலை ஏறியது. ஏர் ஆசியாவும் வளைகுடா நிறுவனங்களும் இருபுறமும் நெருக்கின. 2003-இல் முடிவு செய்த ஆறு ஏ380 ராட்சத விமானங்கள், நிறுவனம் தள்ளாடிய 2012-இல்தான் வந்து சேரத் தொடங்கின. விமானத் தொழிலின் சாபமே இதுதான். நல்ல காலத்தில் கொடுத்த ஆர்டர் கெட்ட காலத்தில் வீட்டு வாசலில் வந்து நிற்கும். உணவு விநியோகத்துக்கும் 2003-இல் 25 ஆண்டுக்கு ஒப்பந்தம் போட்டார்கள். இவ்வளவு நீண்ட காலத்துக்குக் கையைக் கட்டிக்கொண்டு பேரம் பேசுவது எப்படி?

பிறகு 2014. எம்எச்370-இல் 239 பேர், எம்எச்17-இல் 298 பேர். இந்தத் துயரத்தை வரவு செலவில் அடக்க முடியாது. ஆனால் நிறுவனம் அதற்கு முன்பே நோயாளியாக இருந்தது என்பதும் உண்மை. கசானா 600 கோடி வெள்ளித் திட்டத்துடன் மாஸை முழுமையாக எடுத்துக்கொண்டது. 20,000 ஊழியர்களில் 6,000 பேர் வேலை இழந்தார்கள். கோவிட் காலத்தில், 2021-இல், மீண்டும் மறுசீரமைப்பு. கசானா மேலும் 360 கோடி வெள்ளி போட்டது. கசானாவின் பணம் யார் பணம் என்று சொல்ல வேண்டியதில்லை. 2023-இல் 76 கோடி வெள்ளிக்கு மேல் நிகர இலாபம் வந்தது. அடுத்த ஆண்டே ஆள் பற்றாக்குறை, புதிய விமானங்கள் தாமதம், தொழில்நுட்பக் கோளாறுகள் என்று ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை சேவைகளைக் குறைக்க வேண்டி வந்தது. மூன்றாண்டுக்குக் கிடைக்கும் இயக்கச் சான்றிதழை ஓராண்டாகச் சுருக்கியது சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம்.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸும் தப்புக் கணக்குப் போட்டிருக்கிறது. வெர்ஜின் அட்லாண்டிக்கின் 49 விழுக்காட்டுப் பங்கை 60 கோடி பவுண்டுக்கு வாங்கி, 2012-இல் 36 கோடி டாலருக்கு விற்றது. 2020/21 நிதியாண்டில் அதன் நட்டம் ஏறக்குறைய 427 கோடி சிங்கப்பூர் வெள்ளி. 4,300 பணியிடங்கள் குறைக்கப்பட்டன. எனவே, அரசாங்க ஆதரவு மாஸுக்கு மட்டும் கிடைத்தது என்று பேசுவது சரியில்லை. தெமாசெக் துணையோடு 880 கோடி சிங்கப்பூர் வெள்ளியை அது 2020-இல் திரட்டியது. வேறுபாடு எங்கே என்றால், அந்தப் பணம் பழைய ஓட்டையை அடைக்கப் போகவில்லை; விமானங்களையும் எஞ்சிய ஊழியர்களையும் ஆயத்தமாக வைத்திருக்க உதவியது. 2022-இல் எல்லைகள் திறந்தபோது மற்றவர்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள், இவர்கள் பறந்தார்கள். 2023/24-இல் நிகர இலாபம் 267 கோடி சிங்கப்பூர் வெள்ளி. போனஸ் ஏறக்குறைய எட்டு மாதம்.

ஒரு வெள்ளிக்கு வாங்கிய நிறுவனம்

2001 டிசம்பரில் டான்ஸ்ரீ டோனி பெர்னாண்டஸும் நண்பர்களும் ஏர் ஆசியாவைப் பெயருக்கு ஒரு வெள்ளி கொடுத்து வாங்கினார்கள். கூடவே வந்தவை இரண்டு பழைய போயிங் விமானங்களும் சுமார் 4 கோடி வெள்ளிக் கடனும். சூத்திரம் எளிமையானது. ஒரே வகை விமானம் என்றால் ஒரே பயிற்சி, ஒரே உதிரிப் பாகக் கிடங்கு. இறங்கிய விமானம் 25 நிமிடத்தில் மறுபடி கிளம்ப வேண்டும், ஏனெனில் தரையில் நிற்கும் விமானம் வாடகையைத் தின்னும், வருமானம் தராது. பெட்டிக்கும் நாசி லெமாவுக்கும் தனிக் காசு. பேருந்தில் போனவர்கள் விமானம் ஏறினார்கள். 2008-இல் ஏர் ஆசியா இந்தியாவுக்குத் தொடங்கிய முதல் வழித்தடம் திருச்சி. ஊருக்குப் போக ஆண்டுக்கணக்கில் காசு சேர்த்த நம்மவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும்.

ஆனால் குறைந்த செலவு நிறுவனமும் ஓடிக்கொண்டே இருந்தால்தான் பிழைக்கும். கோவிட் காலத்தில் விமானங்கள் நின்றன, வாடகை நிற்கவில்லை. ஏர் ஆசியா எக்ஸ் 2021-லும் தாய் நிறுவனம் 2022 தொடக்கத்திலும், நிதி நெருக்கடியில் உள்ள நிறுவனங்களுக்கான பிஎன்17 பட்டியலில் விழுந்தன. ஏர் ஆசியா எக்ஸ் 3,300 கோடி வெள்ளிக்கும் மேற்பட்ட பொறுப்புகளை மறுசீரமைத்தது. கடன் கொடுத்தவர்களுக்குக் கிடைத்தது நூற்றுக்கு அரை விழுக்காடு, அதாவது ஒரு வெள்ளிக்கு அரைக் காசு. டிக்கெட் வாங்கிய சாதாரணப் பயணிகளும் கடன்கொடுத்தோர் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். பின்னர்தான் அவர்களுக்குப் பயண வவுச்சர் வழங்கப்பட்டது.

நம்மில் பலர் கவனிக்காத இடம் இது. ஆறு மாதம் கழித்துப் போகும் பயணத்துக்கு இன்றே மலிவு டிக்கெட் வாங்குவது, பிணை எதுவும் இல்லாமல் அந்த நிறுவனத்துக்குக் கடன் கொடுப்பதற்குச் சமம். மைஏர்லைன் நின்றபோது, கடன் அட்டையில் கட்டியவர்கள் தங்கள் வங்கி மூலமாகவே பணத்தைத் திரும்பக் கேட்க முடிந்தது. ஆகவே புதிய நிறுவனத்திலோ, பிஎன்17 பட்டியலில் உள்ள நிறுவனத்திலோ குடும்பத்தோடு செல்ல முன்பதிவு செய்பவர்கள் கடன் அட்டையில் கட்டுவதும், ரசீதையும் முன்பதிவு எண்ணையும் பயணம் முடியும் வரை பத்திரமாக வைத்திருப்பதும் நல்லது.