ஒன்றோடு ஒன்று: கிட்டூர் எக்ஸ்சேஞ்ச் முதல் ஒரகடம் ரேக் வரை



நம் வடக்குப்பட்டில் 2022-இல் தொல்லியல் துறை தோண்டிக் கண்ட பழமையைப் பற்றி இங்கே பலமுறை பேசியிருக்கிறோம். இன்று நாற்பது வருட வரலாறுதான்.

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளில் நெட்வொர்க் வேலை பார்க்கும் என் பழைய மாணவர்கள் "ஸ்டாக்" என்று சொல்வார்கள். பல ஸ்விட்சுகளை ரேக்கில் அடுக்கி, தனிக் கேபிளால் இணைத்து, ஒரே ஸ்விட்ச் போல இயக்குவது. 2003-இல் சிஸ்கோ கொண்டுவந்த 3750 வகையில் ஒன்பது வரை இணைக்கலாம். இதற்கு நெருங்கிய யோசனையை நம் பொறியாளர்கள் தொலைபேசியில் முன்பே செய்து காட்டினார்கள்.

அன்று வெளிநாட்டு எக்ஸ்சேஞ்சுகள் பெரிய நகரங்களுக்காகச் செய்யப்பட்டவை. ஆயிரக்கணக்கான இணைப்புகள் வேண்டும், ஏசி அறை வேண்டும். நம் கிராமத்திலோ வெயில், தூசி, மின்வெட்டு!

1984 ஆகஸ்டில் மத்திய அரசு சி-டாட் நிறுவனத்தைத் தொடங்கியது. ஒடிசாவின் டிட்லாகரில் பிறந்த சாம் பிட்ரோடா இதற்குத் தூண்டுகோல். 36 மாதம், 36 கோடி ரூபாய் என்பது கணக்கு. 1986 ஜூலையில் கர்நாடகத்தின் கிட்டூரில் முதல் 128 போர்ட் கிராம எக்ஸ்சேஞ்ச் இயங்கியது. ஆம், 1824-இல் ஆங்கிலேயரை எதிர்த்த ராணி சென்னம்மாவின் அதே கிட்டூர்தான்! ஏசி தேவைப்படவில்லை.

பெரிய நகர எக்ஸ்சேஞ்ச் தாமதமானது, குறையும் சொன்னார்கள். ஆனால் திட்டமிட்ட விதத்தைப் பாருங்கள். ஊருக்கு ஒரு வடிவம் என்று போகவில்லை. சிற்றூருக்கு ஒரு அடிப்படை மாட்யூல். ஊர் வளர்ந்தால் அதே மாட்யூல்களைப் பலவாகச் சேர்த்து, நடுவில் ஒரு மைய மாட்யூலால் இணைப்பது. இப்படியே சுமார் 40,000 இணைப்பு வரை போகலாம். கட்டுப்பாட்டுப் பகுதி மட்டும் எப்போதும் இரட்டை. ஒன்று பழுதானால் மற்றொன்று பொறுப்பேற்கும். பேருந்து நிறுத்தங்களில் மஞ்சள் எஸ்.டி.டி. பூத் பலகை பார்த்தோமே, கிராமங்களில் பலவற்றின் பின்னால் இருந்தது இந்த எக்ஸ்சேஞ்ச்தான்.

ரேக் முன் நிற்கும் மாணவச் செல்வங்களே, அந்தப் பாடம் உங்களுக்கும் பொருந்தும்.

1. இன்றைய தேவையோடு நாளைய வளர்ச்சிக்கும் போர்ட் எண்ணுங்கள். அறையின் வெப்பத்தையும் பாருங்கள்.

2. கடைசி ஸ்விட்சிலிருந்து முதல் ஸ்விட்சுக்குக் கேபிளைத் திருப்பி வளையமாக்குங்கள். ஓரிடத்தில் அறுந்தாலும் மறுபக்கம் வழி இருக்கும்.

3. யார் தலைமை, அது விழுந்தால் அடுத்தது யார் என்பதை நீங்களே முன்னுரிமை எண் கொடுத்து முடிவு செய்யுங்கள். எல்லாவற்றிலும் ஒரே மென்பொருள் பதிப்பு இருக்கட்டும்.

4. மின்சாரத்தை ஒரே இணைப்பில் மாட்டாதீர்கள். ஸ்டாக் நின்றால் லைனில் நிற்கும் தொழிலாளியின் வேலையும் நின்றுவிடும்.

சிறியதை முதலில் உறுதியாக நிறுத்துங்கள். பெரியது அதன்மேல் தானே எழும்.

உங்கள் ஊருக்கு முதல் எக்ஸ்சேஞ்ச் எப்போது வந்தது? நினைவிருப்பவர்கள் பின்னூட்டத்தில் எழுதுங்கள்.