பனிக்கால டயரின் வரலாறு: சூளகிரி வழிச் செல்லும் 44ஆம் நெடுஞ்சாலையை முன்வைத்து

பனிக்கால டயர் என்பது வெண்பனியும் பனிக்கட்டியும் படிந்த சாலைகளில் வழுக்காமல் ஓடவும், குறிப்பாக வழுக்காமல் நிற்கவும் ஏற்றவாறு, குளிரிலும் இறுகாத ரப்பர்க் கலவையாலும் ஆழமான வெட்டுகளாலும் செய்யப்படும் டயர் ஆகும். பின்லாந்து, கனடா, நார்வே, ஜப்பான் போன்ற நாடுகளில் இது அன்றாடப் பொருள். தமிழ்நாட்டில் இதற்குத் தேவை இல்லை. ஆயினும் இந்தியாவின் மிக நீளமான தேசிய நெடுஞ்சாலை இதனைத் தமிழரோடும் இணைக்கிறது.

சூளகிரியும் பனியும்

சூளகிரி, ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் இடையே நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்த ஊர். முன்பு 7ஆம் எண்ணால் அறியப்பட்ட இச்சாலை, 2010இல் எண்கள் மாற்றப்பட்டபோது 44 ஆனது. இதன் வடமுனை காசுமீரின் சிறீநகர், தென்முனை கன்னியாகுமரி. மார்கழி விடியலில் சூளகிரி மலையடியில் வண்டி ஓட்டுவோர் ‘பனி இறங்குகிறது’ என்பர். அவர்கள் சொல்வது மூடுபனியை. அது கண்ணை மறைக்கும். டயரின் பிடியைப் பெரிதாகக் குறைக்காது. அதே சாலையின் மறுமுனையில் ‘பனி’ என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. அங்கே அது தரையில் படிந்து, மிதிபட்டு இறுகி, இரவில் கண்ணாடி போல உறைந்துவிடும். ஒரே சொல்லால் இரண்டையும் குறிப்பதால் நம் ஓட்டுநர்களுக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்படுவதில்லை.

சூளகிரியைக் கடக்கும் சரக்கு லாரிகளின் டயர்கள் வெயிலையும் பாரத்தையும் தாங்குவதற்காகத் தேர்ந்தெடுக்கப்படுபவை. முன்சக்கரத்திற்கு நேர்கோட்டு வரிகள் கொண்ட ‘ரிப்’ டயரும், பின்சக்கரத்திற்குத் தடித்த கட்டைகள் கொண்ட ‘லக்’ டயரும் போடுவது வழக்கம். தேய்ந்த டயருக்கு ரீட்ரெடிங் செய்து மீண்டும் ஓட்டுவதும் உண்டு. சூடான தார்ச்சாலையில் விரைவில் தேயாத கடினமான ரப்பரே இங்கு நல்ல ரப்பர். அந்தக் கடினமே பனியில் ஆபத்தாக மாறுகிறது.

ரப்பரும் குளிரும்

இயற்கை ரப்பர் வெயிலில் ஒட்டும், குளிரில் விறைக்கும். 1839இல் அமெரிக்கரான சார்லசு குட்இயர், ரப்பருடன் கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அந்தக் குறை பெரிதும் நீங்கும் என்று கண்டார். 1888இல் யான் பாய்டு டன்லப் காற்றடைத்த டயருக்குக் காப்புரிமை பெற்றார். இவ்விரண்டின் மேல்தான் இன்றைய டயர்த் தொழில் நிற்கிறது.

ஆனால் குளிரின் சிக்கல் முழுவதும் தீரவில்லை. ரப்பர் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளால் ஆனது. வெப்பம் குறையக் குறைய அச்சங்கிலிகளின் அசைவு தளர்கிறது. சாதாரண டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்குகிறது என்பது டயர்த் துறையினர் கூறும் பொதுக் கணக்கு. இறுகிய ரப்பர் சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களுக்குள் படிந்து பிடிக்காது. பனிக்கால டயரில் இயற்கை ரப்பரின் பங்கையும் சிலிக்காவையும் கூட்டி இந்த இறுக்கத்தைத் தள்ளிப்போடுகின்றனர். கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டின் ரப்பர்த் தோட்டப் பகுதி. ஆக, ஒரே நெடுஞ்சாலையின் ஒரு முனையில் ரப்பர் விளைகிறது, மறுமுனையில் பனி விழுகிறது.

சங்கிலியிலிருந்து டயருக்கு

தொடக்கத்தில் பனிக்கென்று தனி டயர் இல்லை. சேற்றிலும் பனியிலும் சிக்கிய ஓட்டுநர்கள் சக்கரத்தைச் சுற்றிக் கயிறு கட்டினர். நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த ஆரி வீடு என்பவர் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலியைப் பயன்படுத்தி, 1904இல் காப்புரிமை பெற்றார். பனிச்சங்கிலி இன்றும் ஏறத்தாழ அதே வடிவில்தான் உள்ளது.

முதல் பனிக்கால டயர் பின்லாந்தில் பிறந்தது. பின்னாளில் நோக்கியன் டயர்சு என்று பெயர் பெற்ற நிறுவனத்தின் முன்னோடி, 1934இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது காருக்காகச் செய்யப்பட்டதன்று, லாரிக்காகச் செய்யப்பட்டது. பனி அகற்றப்படாத சாலைகளில் சரக்கு ஏற்றிச் சென்ற ஓட்டுநர்களின் தேவையே அதற்குக் காரணம். 1936இல் கார்களுக்கான ‘அக்கபெலீட்டா’ டயர் வந்தது. அப்பெயர் 17ஆம் நூற்றாண்டுப் பின்லாந்துக் குதிரைப்படை வீரர்களைக் குறிப்பது.

பின்னர் டயரில் சிறு உலோக ஆணிகள் பதிக்கும் முறை பரவியது. ஆணி பனிக்கட்டியைக் குத்திப் பிடிக்கும்; பனியில்லாத நாளில் அதே ஆணி சாலையைச் சுரண்டித் தூசியாக்கும். ஜப்பானின் வட நகரங்களில் இத்தூசி மக்களின் மூச்சைப் பாதிக்கும் அளவுக்குப் பெருகியதால், 1990இல் ஆணி டயர்களைக் கட்டுப்படுத்தும் சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன்பே, 1988இல் பிரிட்சுடோன் நிறுவனம் நுண்ணிய துளைகள் நிறைந்த ரப்பரால் ஆணியில்லா டயரை வெளியிட்டிருந்தது. பனிக்கட்டியின் மேல் படரும் மெல்லிய நீர்ப்படலத்தை அத்துளைகள் உறிஞ்சிக்கொள்ளும். வழுக்கலுக்குப் பெரிதும் காரணமாவது அந்த நீர்ப்படலமே. அதனால்தான் கடுங்குளிரில் உள்ள பனிக்கட்டியைவிட, உருகும் நிலையை ஒட்டிய பனிக்கட்டி அதிகம் வழுக்குகிறது.

நிற்கும் தூரம்: ஒரு கணக்கு

மாணவர்கள் இதைப் பள்ளி இயற்பியல் கொண்டே அறியலாம். நிறுத்தும் தூரம், திசைவேகத்தின் வர்க்கத்தை உராய்வுக் கெழு, புவியீர்ப்பு முடுக்கம் இவற்றின் பெருக்கற்பலனின் இரு மடங்கால் வகுத்துக் கிடைப்பது. மணிக்கு 50 கிலோமீட்டர் என்பது வினாடிக்கு 13.9 மீட்டர். உலர்ந்த தார்ச்சாலையில் உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டால் பிரேக் பிடித்த பின் வண்டி ஏறத்தாழ 14 மீட்டரில் நிற்கும். பனிக்கட்டியில் கெழு 0.1 என்று கொண்டால் அதே வண்டிக்கு ஏறத்தாழ 98 மீட்டர் வேண்டும். நல்ல டயர் அக்கெழுவை 0.2 ஆக உயர்த்தினால்கூடத் தூரம் பாதியாகிவிடும். அந்த 49 மீட்டருக்குள் ஒரு மலைவளைவோ, நின்றிருக்கும் பேருந்தோ, ஒரு மனிதரோ இருக்கலாம்.

காசுமீர்ச் சாலை

சம்முவிலிருந்து காசுமீர்ப் பள்ளத்தாக்குக்குச் செல்லும் வாகனங்கள் பீர் பாஞ்சால் மலைத்தொடரைக் கடக்க வேண்டும். 1956இல் திறக்கப்பட்ட சவகர் சுரங்கப்பாதை சுமார் 2,200 மீட்டர் உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் அதன் இரு வாயில்களிலும் பனி குவிந்து, லாரிகள் நாள்கணக்கில் காத்துக் கிடந்தது உண்டு. 2021இல் பயன்பாட்டுக்கு வந்த பனிகால்–காசிகுண்டு சுரங்கம் சுமார் 400 மீட்டர் தாழ்வாக அமைந்து இத்தொல்லையைக் குறைத்தது. 2017இல் திறக்கப்பட்ட செனானி–நாசரி சுரங்கத்தின் நீளம் 9 கிலோமீட்டருக்கு மேல்.

பனிமலைச் சாலையில் தென்னாட்டவருக்குப் பழைய தொடர்பும் உண்டு. 1948இல் 3,500 மீட்டருக்கு மேல் உயர்ந்த சோசிலா கணவாயில் இந்தியத் தரைப்படையின் டாங்கிகள் ஏறுவதற்குப் பாதையை அகலப்படுத்தியவர்கள், பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட மதராசு பொறியாளர் படைப்பிரிவினர்.

இன்று சாலை சீரானாலும் டயர் அதே டயராகவே இருக்கிறது. தெற்கிலிருந்து செல்லும் லாரிக்குப் பனிக்கால டயர் மாட்டுவது நடைமுறையில் ஒவ்வாது. வெப்பமான சாலையில் அது விரைவில் தேயும், நிறுத்தும் தூரமும் கூடும். ஆகவே இழுவைச் சக்கரங்களுக்குச் சங்கிலியை உடன் எடுத்துச் செல்வதே வழி. குல்மார்க் போன்ற இடங்களில் பனி விழும் நாள்களில் சங்கிலி பூட்டிய வண்டிகளையும் நான்கு சக்கர இழுவை வண்டிகளையும் மட்டுமே காவல்துறையினர் அனுமதிப்பது வழக்கம். சங்கிலியோடு மெதுவாகத்தான் ஓட்ட வேண்டும். பனி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

தேர்ந்தெடுக்கும் முறை

ஓசூர்ப் பகுதித் தொழிற்சாலைகளில் பணியாற்றி, கனடாவுக்கோ செருமனிக்கோ செல்லும் இளைஞர்கள் முதல் குளிர்காலத்திலேயே இக்கேள்வியைச் சந்திக்கின்றனர். அவர்கள் அறிய வேண்டியவை சில.

டயரின் பக்கவாட்டில் உள்ள ‘எம்+எஸ்’ என்னும் எழுத்துகள் சேறு, பனி இரண்டையும் குறிக்கும். அது தயாரிப்பாளர் தாமே இடும் குறி. மூன்று சிகரங்களுக்குள் பனிச்சில்லு வரைந்த சின்னம் 1999இல் வந்தது. பனியில் சோதித்துத் தேறிய டயருக்கே அது உண்டு. செருமனியில் 2024 அக்டோபர் முதல் பனிக்கால டயராக ஏற்கப்படுவது இச்சின்னம் உள்ளதே.

கனடாவின் கியூபெக் மாநிலத்தில் 2008 முதல் பனிக்கால டயர் கட்டாயம். தமிழர் மிகுதியாக வாழும் டொராண்டோ அமைந்த ஒண்டாரியோவில் கட்டாயம் இல்லை; ஆனால் அதை மாட்டுவோருக்குக் காப்பீட்டு நிறுவனங்கள் 2016 முதல் கட்டணச் சலுகை தர வேண்டும்.

இந்தியாவில் காருக்கு 1.6 மில்லிமீட்டர் வரி ஆழம் சட்டப்படி போதும். பனிக்கு அது போதாது. ஆசுதிரியாவில் 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் அது பனிக்கால டயராகவே கருதப்படாது. செலவைக் குறைக்க இரண்டு டயர்களை மட்டும் மாற்றுவதும் தவறு. முன்சக்கரம் பிடித்துப் பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்றுவிடும். நான்கு சக்கர இழுவை வண்டி கிளம்ப உதவும். நிற்பதற்கு டயரின் பிடியையே நம்ப வேண்டும்.

2009இல் இந்தியாவின் அப்பல்லோ நிறுவனம், பனிக்கால டயர்களுக்குப் பெயர்பெற்ற நெதர்லாந்தின் விரெடெசுடைன் நிறுவனத்தை வாங்கியது. பனி காணாத ஊர்களிலும் தொழிற்சாலைகள் கொண்ட ஒரு நிறுவனத்தின் பொருளாக இன்று பனிக்கால டயர் விளங்குகிறது. ஆனால் சூளகிரியைக் கடந்து வடக்கே செல்லும் ஓட்டுநருக்கு, எந்த நிறுவனத்தின் டயர் என்பதைவிட அது எந்தச் சாலைக்குச் செய்யப்பட்டது என்பதே முதல் கேள்வி.